தருமபுரியில் ஒரு மெடிக்கல் டெர்மினாலஜி வகுப்பு: நிணநீர், எதிர்ப்பு மண்டலப் பாடம் எப்படி?

தருமபுரியில் மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவ ரிப்போர்ட்டில் இருக்கும் நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலையை, எங்கே படிக்கலாம் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். நான் போன வகுப்பு நாலு ரோடு பக்கம், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் இடம். பெயரைப் போட்டால் விளம்பரம் என்று நினைப்பீர்கள், அதனால் போடவில்லை. முன்பு நர்ஸாக இருந்த மேடம் எடுக்கிற வகுப்பு என்று அந்தப் பக்கம் விசாரித்தால் காட்டிவிடுவார்கள். முழு கோர்ஸையும் எழுத உட்கார்ந்தால் முடியாது. நிணநீர் மண்டலம் (திசுக்களில் மிஞ்சும் திரவத்தை வடிக்கிற குழாய்களும் கணுக்களும்), நோய் எதிர்ப்பு மண்டலம் இரண்டும் சேர்ந்த பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வகுப்பு தேறுமா தேறாதா என்பதை இந்தப் பாடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஏன் என்றால், மற்ற உறுப்புகளுக்கெல்லாம் குறியீட்டுப் புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. வயிறு, குடல் என்றால் இந்த அத்தியாயம், எலும்பு, மூட்டு என்றால் அந்த அத்தியாயம் என்று ஓரளவு கண்ணை மூடிக்கொண்டு புரட்டலாம். நிணநீருக்கு அப்படி ஒரு சொந்த வீடே கிடையாது. நோய்களுக்கான குறியீடுகள் இருக்கும் ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம், டி50 முதல் டி89 வரை, ரத்தமும் எதிர்ப்பு மண்டலக் கோளாறுகளும் என்று போட்டிருக்கும், சரி, எல்லாம் அங்கேயே இருக்கும் என்று போனால் பாதிகூட இருக்காது. மண்ணீரல் நோய்கள் அங்கே உண்டு. கை கால் வீங்கும் லிம்ஃபெடிமா ரத்த ஓட்ட மண்டலத்தில் ஐ89-ல் இருக்கிறது. நிணநீர்க் கணு திடீரென்று அழற்சியாகி வீங்கினால் தோல் அத்தியாயத்தில் எல்04, அதுவே நாள்பட்டதாக இருந்தால் மறுபடி ரத்த ஓட்டத்தில் ஐ88. டான்சில் அழற்சி சுவாச மண்டலத்தில், எச்ஐவி தொற்றுநோய்களில், காசநோயால் கழுத்தில் கட்டி வந்தால் ஏ18.2. அறுவை சிகிச்சை, பரிசோதனை என்று செய்த வேலைகளுக்கான குறியீடுகளான சிபிடியிலும் இதே கதைதான்: மண்ணீரலும் கணுக்களும் 38100-லிருந்து தொடங்கும் பகுதியில் இருக்க, டான்சிலை மட்டும் எடுப்பது 42825-லிருந்து என்று செரிமான மண்டலத்திலும், நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுப்பது 60520 என்று நாளமில்லாச் சுரப்பிகளிலும் போய் உட்கார்ந்திருக்கின்றன.

இப்படிச் சிதறிக் கிடக்கிற பாடத்தைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இதற்கு முன் ஒரு ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தேன். அதில் இந்த மண்டலம் ரத்தப் பாடத்தின் வாலாக வந்தது. ஒரு பக்கம் வேர்ச்சொல், ஒரு பக்கம் அர்த்தம், படித்துக்கொண்டு வாருங்கள், நாளை தேர்வு. சந்தேகம் கேட்டால் ரெக்கார்டிங் பாருங்கள் என்ற பதில். அந்த முறையில் சொற்கள் தலையில் நின்றது என்னவோ உண்மை, ஆனால் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் எந்தச் சொல் நோய், எந்தச் சொல் இடம், எந்தச் சொல் செய்த வேலை என்று பிரிக்க வராது.

இங்கே மேடம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "காலில் முள் குத்திச் சீழ் வச்சா எங்கே நெறி கட்டும்?" என்று கேட்டார். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று காட்டிலும் வயலிலும் நடந்து வளர்ந்த பிள்ளைகள்தான் வகுப்பு முழுக்க, எல்லாரும் தொடையிடுக்கு என்று சொன்னார்கள். கையில் அடிபட்டால்? அக்குள். பல் வலி, தொண்டை வலி என்றால்? தாடைக்கு அடியில், கழுத்தில். அவ்வளவுதான், இங்குவைனல், ஆக்சிலரி, சப்மேண்டிபுலர், செர்விகல் என்று பலகையில் எழுதினார், நாங்கள் சொன்ன பதில்களுக்கு எதிரே. உடம்பின் எந்தப் பகுதியிலிருந்து வருகிற நிணநீர் எந்தக் கணுக்களைத் தாண்டிப் போகிறது என்ற வரைபடம் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதற்குப் பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது.

அப்புறம்தான் சொற்களைப் பிரித்தது. லிம்ஃப் என்றால் நிணநீர், அடின் என்றால் சுரப்பி, ஐட்டிஸ் என்றால் அழற்சி. மூன்றும் சேர்ந்தால் லிம்ஃபடினைட்டிஸ், அதாவது நெறி கட்டி வலிக்கிற நிலை. நடுவில் ஆஞ்சி வந்தால் குழாய், லிம்ஃபாஞ்சைட்டிஸ். புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்பாகக் கோடு ஓடுகிறதே, அது. இந்த இரண்டையும் குழப்பாமல் இருக்க ஒரு காலின் படத்தை வரைந்து, பாதத்தில் ஒரு புண், அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முடிவில் தொடையிடுக்கில் ஒரு கட்டி என்று போட்டார். கோடு ஒரு சொல், கட்டி ஒரு சொல். அழற்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாமல், கணு பெரிதாக இருக்கிறது என்று மட்டும் மருத்துவர் எழுதினால் அது லிம்ஃபடினோபதி, அதற்குக் குறியீடு ஆர்59, ஆர் என்பது அறிகுறிகளின் அத்தியாயம். மருத்துவர் எழுதாத நோயை நாம் எழுதக் கூடாது என்ற விதியை இந்த ஒரு சொல்லில் புரியவைத்துவிட்டார்.

நிணநீர் ஓடுகிற விதத்தை அவர் சொன்னதும் எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரிதான்: வயலுக்குப் பாய்ந்த தண்ணீரில் பயிர் குடித்தது போக மிச்சம் வடிகாலில் இறங்கி ஓடைக்குத் திரும்புகிறதே, அப்படி. ரத்தக் குழாயிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போன திரவத்தில் பெரும்பகுதி அப்படியே ரத்தத்துக்குத் திரும்பிவிடும், மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் வாங்கி, கணுக்கள் வழியாக வடிகட்டி, கழுத்தின் அடியில் பெரிய சிரைகளில் கொண்டுபோய் விடும். இதற்கு இதயம் போல ஒரு பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமே சுருங்குவதாலும், நாம் நடக்க, மூச்சுவிட, தசைகள் அமுக்குவதாலும்தான் ஓடும், பின்னால் திரும்பாமல் தடுக்க உள்ளே வால்வுகள் உண்டு. தலையின் வலப்பக்கம், வலக் கை, நெஞ்சின் வலப்பக்கம் மட்டும் வலது குழாயில் வடியும், மற்ற எல்லாம் இடப்பக்கத்துப் பெரிய குழாயான தொராசிக் டக்ட் வழியாக. இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கணு வீங்கினால் வயிற்றுக்குள் புற்றுநோய் இருக்கிறதா என்று மருத்துவர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது இந்தப் படத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிடுகிறது. விர்கோ கணு என்று அதற்குப் பெயர்.

இந்தப் பாடத்தின் உச்சம் ஒரு பயாப்ஸி ரிப்போர்ட், அதாவது உடம்பிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்த அறிக்கை. பெயர், வயது, எண் எல்லாம் கறுப்பாக அடித்த நகல், மேடம் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். இடது மார்பகத்தை எடுத்திருக்கிறார்கள், கூடவே அக்குள் கணுக்களையும். கீழே ஒரு வரி: பதினான்கு கணுக்கள் கிடைத்தன, இரண்டில் மெட்டாஸ்டாசிஸ். வகுப்பில் பாதிப் பேர் உடனே லிம்ஃபோமா என்று எழுதினார்கள். கணுவில் புற்றுநோய் இருக்கிறது, ஓமா என்றால் கட்டி, லிம்ஃபோமா சரிதானே என்று ஒரு தம்பி கேட்டான். மேடம் கோபப்படவில்லை. "அந்த நோய் அங்கே பிறந்ததா, வேற இடத்துலிருந்து வந்து தங்கினதா?" என்று மட்டும் கேட்டார். அங்கே பிறந்திருந்தால் லிம்ஃபோமா, சி81 முதல் சி85 பக்கம், அதில் சி81 என்பது 1832-ல் தாமஸ் ஹாட்கின் எழுதிய நோய். மார்பகத்திலிருந்து வந்து தங்கியிருந்தால் அது இரண்டாம் நிலை, மெட்டாஸ்டாசிஸ் என்றால் அதுதான், அக்குளுக்கு சி77.3, முதல் குறியீடு மார்பகத்துக்கே. லிம்ஃபோமா என்று எழுதிவிட்டால், ஒரு பெண்ணுக்கு ஒரு புற்றுநோய் இருக்கும்போது இரண்டு இருப்பதாகப் பதிவாகிவிடும், அவர் சிகிச்சைக் கணக்கும் காப்பீடும் எல்லாம் தவறான பாதையில் போகும். அந்த அறையில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட பேனாவை வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பப் படித்தார்கள். எனக்கு இந்த வேலையின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அதே ரிப்போர்ட்டை விடாமல் மேலே கொண்டுபோனார். அக்குள் கணுக்களை எடுத்துவிட்டால் அந்தக் கையின் நிணநீருக்குப் போக வழி குறையும், சிலருக்குக் கை வீங்கும். மார்பக அறுவைக்குப் பிறகு வந்த வீக்கம் என்று எழுதியிருந்தால் ஐ97.2, வேறு காரணத்தால் வந்தது ஐ89.0, பிறவியிலேயே பரம்பரையாக வந்தது க்யூ82.0; யானைக்கால் என்று எழுதியிருந்தால் எந்தப் புழு என்று பார்க்க வேண்டும், வூச்சரேரியா பேங்க்ராஃப்டி என்றால் பி74.0. நாலும் பார்க்க ஒரே வீக்கம், காரணம் வேறு. வார்டில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்த அனுபவம் அவர் பேச்சில் தெரிந்தது. கணு எடுத்த பக்கத்துக் கையில் ரத்தம் எடுக்க விடாமல், பி.பி. பார்க்க விடாமல் அந்த அம்மாக்கள் எப்படிக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்காட்டினார். எல்லாக் கணுக்களையும் எடுக்காமல் முதலில் வடிகிற சென்டினல் கணுவை மட்டும் சாயமோ கதிரியக்கத் திரவமோ விட்டுக் கண்டுபிடித்துச் சோதிப்பது ஏன் வந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மண்ணீரல் பகுதி சுருக்கமாக முடிந்தது. ஆங்கிலத்தில் உறுப்பின் பெயரில் இரண்டு ஈ, ஸ்ப்ளெனெக்டமி என்று வரும்போது முதல் பகுதியில் ஒன்றுதான், எழுத்துப்பிழை அங்கேதான் வரும். மெகலி என்றால் பெரிதாதல், பீனியா என்றால் குறைவு. டெங்கு வந்த வீடுகளில் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு த்ரோம்போசைட்டோபீனியா ஒரு நீளமான சொல், அவ்வளவுதான், பயமில்லை.

எதிர்ப்பு மண்டலத்துக்கு வரும்போது நான் கொஞ்சம் தயக்கத்தோடு இருந்தேன், ஏனென்றால் எதிர்ப்பு சக்தி என்ற பேச்சு கொரோனாவுக்குப் பிறகு கஷாயப் பொட்டலம் முதல் பிஸ்கட் வரை எல்லாவற்றின் மேலும் ஒட்டப்பட்டுவிட்டது. மேடம் ஆரம்பித்தது பாம்புக் கடியில். எங்கள் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கண்ணாடி விரியன் கடித்து ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். விஷம் ஆன்டிஜென், அதாவது உடம்பு எதிர்க்கிற அந்நியப் பொருள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள், அது ஆன்டிபாடி. நம் உடம்பு அதைச் செய்யவில்லை, தயாராக வாங்கி ஏற்றிக்கொண்டோம், ஆகவே பேசிவ் இம்யூனிட்டி. உடனே வேலை செய்யும், நாளடைவில் போய்விடும். ஆணி குத்தியதற்கு டிடி ஊசி போட்டால் அது செயலிழக்கவைத்த நஞ்சு, நம் உடம்பே எதிர்ப்பொருளைச் செய்யும், ஆகவே ஆக்டிவ். குதிரைப் புரதம் நமக்கு அந்நியம் என்பதால் சிலருக்கு ஊசி ஏறும்போதே உடம்பு முரண்டுபிடித்து மூச்சுத் திணறி பி.பி. விழும், அனஃபிலாக்சிஸ், அதற்காகத்தான் பக்கத்திலேயே அட்ரினலினை எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒரே கட்டிலில் நாலு சொல்லும் கிடைத்துவிட்டன. அந்த விஷம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டபோது, மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தைப் பற்றியும் சொன்னார். இதெல்லாம் தேர்வுக்கு வராது, ஆனால் இப்படிப் பாதை மாறி ஐந்து நிமிடம் பேசுகிற ஆசிரியரிடம் படித்தால்தான் பாடம் நிற்கிறது.

எதிர்ப்பு வேலையைச் செய்கிற வெள்ளணுக்களான டி செல், பி செல் என்பதில் டி எதற்கு, பி எதற்கு என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தந்ததில்லை. டி என்பது தைமஸில் முதிர்வதால். அந்தச் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயதுக்கு வந்த பிறகு சுருங்கிக்கொண்டே போகும். பி என்பது கோழியின் பின்பக்கம் இருக்கிற பர்சா என்ற பையிலிருந்து வந்த பெயர். அதை எடுத்துவிட்ட கோழிகளுக்கு எதிர்ப்பொருள் சரியாக உருவாகவில்லை என்று 1956-ல் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு அந்தப் பை கிடையாது, பி செல் எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது.

எச்ஐவி பகுதியை அவர் எடுத்த விதத்துக்காகவே இந்த வகுப்புக்கு இன்னொரு முறை பணம் கட்டுவேன். இந்தியாவில் முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள் என்று தொடங்கி, சிடி4 என்பது டி செல்லில் ஒரு வகை, வைரஸ் தாக்குவது அதைத்தான், எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் என்ற நிலை என்று சொல்லிவிட்டு, இசட்21, பி20 இரண்டையும் பலகையில் பெரிதாக எழுதினார். தொற்று மட்டும் இருக்கிறது, அறிகுறி எதுவும் இல்லை என்றால் இசட்21. அதனால் வந்த நோய் இருக்கிறது என்றால் பி20, ஒரு முறை பி20 என்று போன ஆளைத் திரும்ப இசட்21-க்குக் கொண்டுவரக் கூடாது. சந்தேகம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் இரண்டுமே கிடையாது, உறுதியான பிறகுதான். திரும்பிப் பார்த்து, "இது ஒரு ஆளோட வாழ்க்கை, ரெண்டு தடவை பாத்துட்டு அடிங்க" என்றார். சின்ன ஊரில் இந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் மேல் எப்படி விழும் என்று தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது.

குறைகளும் இருக்கின்றன, சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. முக்கியமானது புத்தகம். ஐசிடி-10-சிஎம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-ல் மாறுகிறது, சிபிடி ஜனவரி 1-ல். வகுப்பில் சுற்றுக்கு விடுகிற புத்தகங்கள் பழைய ஆண்டுப் பதிப்புகள். சொற்களைப் படிக்க அது போதும், ஆனால் கோடர் சான்றிதழுக்கான சிபிசி தேர்வுக்குப் போகிறவர் சொந்தமாகப் புதியது வாங்கியே ஆக வேண்டும். நூறு கேள்வி, நாலு மணி நேரம், புத்தகத்தைத் திறந்து எழுதுகிற தேர்வு, பழைய பதிப்பில் கை பழகினால் நேரம் போய்விடும். இதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாம்.

நோட்ஸ் நகலுக்கு நகல் எடுத்து எடுத்துப் படங்கள் எல்லாம் சாம்பல் திட்டாகிவிட்டன. கழுத்துக் கணுக்களின் படத்தில் எது கணு எது தசை என்று தெரியவில்லை, நான் வீட்டில் வந்து வேறு படம் பார்த்துத்தான் திருத்திக்கொண்டேன். எதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்குகிற தன்தடுப்பு நோய்கள், லூபஸ், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் ஓட்டமாக ஓடிவிட்டது, ஒவ்வாமையின் நாலு வகையை எழுதிப்போட்டார், விளக்கவில்லை. நோயாளியைப் பார்த்த இடங்களில் அவர் நின்று பேசுகிறார், ஆய்வகப் பக்கம் வந்தால் வேகம் கூடிவிடுகிறது. இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்பொருள், ஐந்து வகையில் எம் முதலில் வரும், ஜி பிறகு வந்து நிலைக்கும், தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது ஜி, தாய்ப்பாலில் நிறைய இருப்பது ஏ என்பதோடு நின்றுவிட்டது. டெங்கு ரிப்போர்ட் ஒன்றை வைத்து எம்-க்கும் ஜி-க்கும் வித்தியாசம் காட்டியிருந்தால் எல்லாருக்கும் பட்டென்று பிடித்திருக்கும்.

வேலை வாங்கித் தருவோம் என்று இவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை, அதை நான் நல்ல விஷயமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். கம்பெனிகள் ஆள் எடுக்கிற செய்தி வந்தால் குழுவில் போடுகிறார்கள், அதற்குமேல் நம் பாடு. வேலைக்கு சென்னை, சேலம், பெங்களூரு என்று வெளியே போகத்தான் வேண்டியிருக்கும், வீட்டிலிருந்தே என்று நினைத்து வருகிற அக்காமார்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது சுலபமாகக் கிடைப்பதில்லை.

கட்டணம் சேலத்தில் எனக்குச் சொன்னதில் பாதிக்கும் கீழே, தவணையும் உண்டு. நர்ஸிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் படித்தவர்களுக்கு உடற்கூறு தெரியும், அவர்களுக்கு மேடமுடைய ரிப்போர்ட் பயிற்சி நேராகப் பயன்படும். விலங்கியல், உயிர்வேதியியல் முடித்தவர்களுக்கும் சிரமமில்லை. தமிழ் வழியில் படித்து ஆங்கிலச் சொல் என்றாலே தொண்டை அடைக்கிறவர்களுக்குத்தான் இந்த வகுப்பை முதலில் சொல்வேன், ஏனென்றால் இங்கே நெறி கட்டுவது, கண்டமாலை, யானைக்கால், அம்மை என்று நமக்குத் தெரிந்ததிலிருந்து கிளம்பி அந்தச் சொல்லுக்குப் போகிறார்கள், தப்பாக உச்சரித்தால் யாரும் சிரிப்பதில்லை, எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வைக்கிறார்கள்.

மாலை வகுப்புக்கு ஊத்தங்கரை, அரூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கடைசியில் பஸ்ஸுக்காகக் கிளம்பிவிடுகிறார்கள், முக்கியமான கேள்வி பதில் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. தூரத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பேட்ச் கேட்டுச் சேருங்கள். சேருவதற்கு முன்னால் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள், அப்படி உட்காருவதாக இருந்தால் நிணநீர்ப் பாடம் எந்த வாரம் என்று கேட்டு அன்றைக்குப் போங்கள்.